எடை குறைப்பு ஆபரேஷன்: ஆபீஸில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. கோவை சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 108 கிலோ. நாலு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். டயட், ஜிம், நடை எல்லாம் பார்த்தாகிவிட்டது, குறைந்த எடை திரும்பி வந்துவிடுகிறது. இப்போது டாக்டர் ஸ்லீவ் ஆபரேஷன் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சிறிதாக்குவது) செய்துகொள்ளச் சொல்கிறார். மூன்று வாரம் ஓய்வு வேண்டுமாம். கணவருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஆபீஸில் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைக்கிறேன். என் மேனேஜர், 'லிஃப்ட்ல நீங்க ஏறினா நாங்க படியில வர்றோம்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பவர். விஷயம் தெரிந்தால் 'குறுக்கு வழி' என்பார்கள். ஆனால் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மூலமாகத்தான் இருக்கிறது. மறைப்பது தப்பா? காரணம் சொல்லாமல் லீவு கிடைக்குமா? திரும்பி வந்த பிறகு இளைத்துக்கொண்டே போவேனே, அதற்கு என்ன சொல்வது? லீவு மெயிலில் என்ன எழுதுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

தப்பே இல்லை. உங்கள் வயிற்றுக்குள் டாக்டர் என்ன செய்தார் என்பது உங்கள் மேனேஜருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. எத்தனை நாள் வரமாட்டீர்கள், எப்போது திரும்புவீர்கள், வந்ததும் எந்த வேலையைச் செய்ய முடியாது – இந்த மூன்றும் தெரிந்தால் அவருக்குப் போதும்.

ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. நான் பல வருஷம் எச்.ஆர். நாற்காலியில் உட்கார்ந்தவள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்: விஷயத்தைச் சொல்லாமல் விட்டவர்கள் யாரும் சிக்கியதில்லை. 'டைஃபாய்டு' என்று சர்டிஃபிகேட் வாங்கி வந்தவர்கள்தான் சிக்கினார்கள். பொய்யான சர்டிஃபிகேட் கொடுத்தால் டாக்டர் மீது மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். கொடுத்த ஊழியர் மீது கம்பெனி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அதே தேதிகளில் அதே கம்பெனியின் இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரில் ஒரு ஆபரேஷன் கிளெயிம் போயிருக்கும். இரண்டு காகிதமும் ஒரு நாள் ஒரே மேஜையில் சந்தித்துக்கொள்ளும்.

அதனால் உண்மையான ஒரு வாக்கியத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். 'வயித்துல ஒரு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், முன்னாடியே தேதி குறிச்சதுதான், பயப்பட ஒண்ணுமில்ல.' லேப்ராஸ்கோப்பி என்றால் சின்னத் துளைகள் வழியாகச் செய்வது. இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பித்தப்பைக் கல், குடலிறக்கம், கர்ப்பப்பைக் கட்டி என்று பாதி ஊரே இந்த ஆபரேஷனைச் செய்துகொள்கிறது. மேனேஜரிடமும் பக்கத்து சீட்டுத் தோழியிடமும் செக்யூரிட்டி அண்ணனிடமும் இதையே சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு கதை சொன்னால் கேன்டீனில் அதை ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்காகிவிடும்.

விஷயம் வெளியே வருவது பெரும்பாலும் வாய் வழியாக இல்லை, காகித வழியாகத்தான். முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி. லீவுக்கு விண்ணப்பிக்கும் தளத்தில் 'டாக்குமெண்ட் இணைக்கவும்' என்று ஒரு கட்டம் இருக்கும். கையில் இருக்கும் முதல் காகிதத்தை அதில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். டிஸ்சார்ஜ் சம்மரியில் எடை, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்), சர்க்கரை அளவு, எத்தனை மாத்திரை, என்ன ஆபரேஷன், தையல் போட்ட விதம் வரை எல்லாம் இருக்கும். அது உங்களுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மட்டும் உரியது. லீவுக்குத் தேவை ஒரு மருத்துவச் சான்றிதழ். திரும்பும்போது ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட். அதில் 'லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்று அறுவை சிகிச்சை செய்யப்பட்டது, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவை' என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நோயாளியின் ரகசியம் காப்பது டாக்டரின் கடமை என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

சர்டிஃபிகேட்டின் வாசகத்தைக் கவனமாகப் பார்ப்பவர்கள் தலைப்பைப் பார்க்க மறந்துவிடுவார்கள். பல ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி லெட்டர்பேடு. மேலே கொட்டை எழுத்தில் 'பேரியாட்ரிக் மற்றும் மெட்டபாலிக் சர்ஜரி துறை', அதாவது எடை குறைப்பு ஆபரேஷன் பிரிவு, என்று இருந்தால், கீழே எவ்வளவு மறைத்து எழுதி என்ன பயன்? ஆஸ்பத்திரியின் பொது லெட்டர்பேடில் கேளுங்கள். ரப்பர் ஸ்டாம்பில் டாக்டரின் பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். நீங்கள் பயப்படுவது நியாயமான இடம் இதுதான். குரூப் பாலிசியில் கேஷ்லெஸ் அனுமதிக்கான விண்ணப்பம் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் டெஸ்கிலிருந்து டி.பி.ஏ.வுக்கு (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெயிம்களைக் கவனிக்கும் நிறுவனம்) போகும். அனுமதி வந்ததும் வராததும் மெயிலாக வரும். எந்த மெயிலுக்கு? பெரும்பாலும் நீங்கள் வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த ஆபீஸ் மெயிலுக்கு. டி.பி.ஏ. ஆப்பில் உள்ளே போய் இன்றைக்கே சொந்த மெயிலையும் சொந்த மொபைல் எண்ணையும் பதிந்துவிடுங்கள். சில கம்பெனிகளில் இந்த மெயிலின் நகல் எச்.ஆரில் இன்ஷூரன்ஸ் பார்க்கும் ஒருவருக்கும் போகும். சில இடங்களில் மாதா மாதம் ஒரு எக்ஸெல் பட்டியல் வரும்: ஊழியர் எண், பெயர், யாருக்குச் சிகிச்சை, எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய், எவ்வளவு தொகை. பிரீமியம் பேரம் பேசுவதற்காக வாங்கும் பட்டியல் அது. நல்ல கம்பெனிகள் பெயரை நீக்கித்தான் வாங்குகின்றன. எல்லாக் கம்பெனிகளும் நல்ல கம்பெனிகள் இல்லை.

எனவே, ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே டி.பி.ஏ.வின் உதவி எண்ணுக்கு நீங்களே பேசி மூன்று விஷயம் கேளுங்கள். அனுமதி மெயில் யார் யாருக்குப் போகிறது? எங்கள் பாலிசியில் எடை குறைப்பு ஆபரேஷன் உண்டா, உச்சவரம்பு எவ்வளவு? தொகை போதாமல் போனால் என்ன நடக்கும்? இந்த மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். உங்கள் பாலிசி 3 லட்சம், பில் அதற்கு மேல் போகிறது என்று வையுங்கள். பல குரூப் பாலிசிகளில் 'கார்ப்பரேட் பஃபர்' என்று ஒரு பொதுத்தொகை இருக்கும், மீதியை அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் அதை எடுக்க எச்.ஆர். ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்கும் மெயிலில் நோயும் ஆபரேஷனும் விலாவாரியாக இருக்கும். அந்த மீதியைக் கைக்காசாகக் கட்ட முடியுமானால் கட்டிவிடுங்கள். அதேபோல, அனுமதி மறுக்கப்பட்டால் பதற்றத்தில் முதலில் எச்.ஆருக்குப் போன் போட்டு 'கொஞ்சம் பேசிப் பாருங்களேன்' என்போம். ரகசியம் கைமாறும் இடம் அதுதான். முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்தால் கேள்விக்குப் பதில் சொல்ல அவகாசம் இருக்கும், கடைசி நிமிடத்தில் யாரையும் கூப்பிட வேண்டி வராது.

பாலிசியில் இடம் கிடைக்குமா என்பதில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விதிப்படி 18 வயதுக்கு மேல், டாக்டர் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க இடமுண்டு. 35 முதல் 40-க்குள் இருந்தால் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்ற ஏதாவது ஒன்று கூடவே இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த கணக்குப்படி உங்களுடையது 43. (மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: டாக்டர்கள் இதைவிடக் குறைந்த எண்ணிலேயே ஆபரேஷன் சொல்லலாம். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கச் சொல்கிறது. டாக்டர் சரி என்றதாலேயே இன்ஷூரன்ஸும் சரி என்னும் என்று நினைத்துவிடாதீர்கள்.)

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் கணவர் வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறாரா? அவருடைய குரூப் பாலிசியில் மனைவி என்ற முறையில் நீங்கள் இருந்தால், அங்கே கிளெயிம் போடலாம். போகிற மெயில் அவர் கம்பெனிக்குத்தான் போகும், அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. அவருக்கு அதில் சங்கடம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து இப்போது அவசரமாகத் தனிப் பாலிசி எடுக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைப்பார்கள். சர்க்கரையை மறைத்து எடுத்தால் கிளெயிமே போய்விடும்.

லீவு விஷயம் சுலபம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வருஷத்துக்கு 12 நாள் உடல்நல விடுப்பு கொடுத்திருக்கிறது. மூன்று வாரம் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் கணக்கில் 15 வேலை நாள். மீதி மூன்று நாளை ஈட்டிய விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நடுவில் வரும் சனி ஞாயிறையும் லீவாகக் கணக்கிடும் 'சாண்ட்விச்' விதி உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் கணக்கு மாறும். நாலாவது வாரம் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேளுங்கள். பொதுவாக முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. மணிக்கணக்கில் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு வாய் வாயாகத் தண்ணீர் குடிப்பதை வீட்டில் செய்வது நிம்மதி.

சட்டம் ரகசியத்தைக் காக்குமா என்று கேட்பீர்கள். ஓரளவு. 2011-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளில் மருத்துவ ஆவணங்கள் 'நுண்ணுணர்வுத் தகவல்' பட்டியலில் இருக்கின்றன. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எச்.ஆரிடம் 'என் மருத்துவத் தகவல் என் மேனேஜருக்குப் போகக் கூடாது' என்று ஒரு வரி எழுத்தில் கொடுத்து வையுங்கள். ஆனால் டீ குடிக்கும் இடத்தில் பேசப்படுவதை எந்தச் சட்டமும் திரும்ப அள்ள முடியாது. அதனால்தான் சட்டத்தைப் பற்றிக் குறைவாகவும் லெட்டர்பேடைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

அப்புறம், திரும்பி வந்த பிறகு. கல்யாணமான பெண், மூன்று வாரம் லீவு, வயிற்றில் ஆபரேஷன், சாப்பாடு இறங்கவில்லை, ஒரு நாள் வாந்தி எடுத்தீர்கள் என்றால் நம் ஊர் ஆபீஸில் முதல் கேள்வி 'என்ன, விசேஷமா?' என்பதுதான். இதற்கு மனசளவில் தயாராக இருங்கள். 'இல்லீங்க' என்று சிரித்துவிட்டு நகர்ந்தால் போதும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை ஓடலாம். ஓடட்டும். ஒவ்வொரு வதந்தியையும் மறுக்கப் போனால் கடைசியில் மறுக்காமல் மிஞ்சுவது உண்மை ஒன்றுதான்.

டீம் லஞ்ச்தான் உண்மையான சோதனை. வயிற்றில் முக்கால்வாசிக்கும் மேல் எடுத்துவிட்ட பிறகு மூன்று நாலு வாய்க்கு மேல் இறங்காது. பிரியாணி தட்டைத் தள்ளி வைத்தால், 'அட, என் கல்யாண ட்ரீட், ஒரு பீஸாவது' என்று வற்புறுத்துவார்கள். முதல் மூன்று மாதம் முடிந்தவரை லஞ்ச் நேரத்தில் ஒரு போன் மீட்டிங் வைத்துக்கொள்ளுங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் சின்னத் தட்டில் முதலில் முட்டையோ பனீரோ கொஞ்சம் எடுத்து, நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிடுங்கள். கூடவே தண்ணீர் குடிக்க வேண்டாம், அரைமணி கழித்துக் குடியுங்கள். 'ஆபரேஷனுக்கப்புறம் வயிறு இன்னும் பழகல' என்பதும் உண்மைதான். அவசரமாக ஒரு வாய் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

எடை இறங்குவதை ஒளிக்க முடியாது. முதல் ஆறு மாதத்தில் சுடிதாரெல்லாம் தொளதொளவென்று ஆகிவிடும். மூன்றாவது மாதத்தை ஒட்டிப் பலருக்கு முடி கொட்டும்; பெரும்பாலும் அது தற்காலிகம்தான். 'எப்படி இளைச்சீங்க?' என்று கேட்டால், 'டாக்டர் சொன்னபடி சாப்பாட்டை மொத்தமா மாத்திட்டேன்.' இதுவும் உண்மை. பெரும்பாலானவர்களுக்கு இது போதும். அவர்கள் கேட்பது பேச்சுக்காக.

ஆனால் ஒருத்தி வருவாள். உங்களைப் போலவே நூறு கிலோ தாண்டியவள், உங்களைப் போலவே எல்லாம் செய்து பார்த்துத் தோற்றவள். தனியாகக் கூப்பிட்டு, 'அக்கா, நிஜமா என்ன பண்ணீங்க, சொல்லுங்க' என்பாள். அவளிடம் 'ராத்திரி ராகிக் கஞ்சி, காலைல நடை' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் அதைச் செய்வாள். எடை இறங்காது. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வாள். விஷயத்தை அவளிடம் உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'சாப்பாட்டால மட்டும் இல்லம்மா, டாக்டர் சிகிச்சையும் இருக்கு. நீயும் இதுக்குன்னு இருக்கிற டாக்டரைப் போய்ப் பாரு' என்று சொல்லலாம். அவள் புரிந்துகொண்டாலும் போகட்டும். ரகசியம் காப்பதற்கும் அடுத்தவரைத் தவறான வழியில் அனுப்புவதற்கும் நடுவில் நான் கோடு போடும் இடம் இது.

முழு உண்மையும் சொல்ல வேண்டிய இடங்கள் தனியாக இருக்கின்றன. டாக்டரிடம், இன்ஷூரன்ஸ் படிவத்தில், ஆன்சைட் போகும்போதும் புது வேலையில் சேரும்போதும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் 'முன்பு ஆபரேஷன் உண்டா' என்று கேட்டால் உண்டு என்றே எழுதுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் சொல்லுங்கள். ஏனென்றால் இனி சாதாரண வலி மாத்திரைகள் பலவற்றை நீங்கள் சர்ஜனைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஆபீஸில் ஒரே ஒருவருக்காவது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். முதல் சில வாரங்களில் காய்ச்சல், படபடப்பு, தாங்க முடியாத வயிற்று வலி எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு எந்த ஆஸ்பத்திரி என்றாவது தெரிய வேண்டாமா? வாய் இறுக்கமான ஒரு தோழியிடம் சர்ஜன் எண்ணையும் கணவர் எண்ணையும் கொடுத்து, 'எனக்கு ஏதாவதுன்னா இங்கேதான் கூட்டிட்டுப் போகணும்' என்று சொல்லி வையுங்கள். காரணம் கேட்காத ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐ.டி. கார்டுக்குப் பின்னால் ஆபரேஷன் பெயர் எழுதிய ஒரு சீட்டும் இருக்கட்டும்.

குறுக்கு வழி என்பவர்களுக்கு: ஆயுசுக்கும் பி12, இரும்பு, கால்சியம் விழுங்குவதும், வாய் வாயாகச் சாப்பிடுவதும், குழந்தைத் திட்டத்தை ஒன்று ஒன்றரை வருஷம் தள்ளிப் போடுவதும் எந்த ஊரில் குறுக்கு வழியோ தெரியவில்லை. அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மேனேஜரின் லிஃப்ட் ஜோக் தனி விஷயம். குண்டாக இருப்பதைக் கிண்டல் செய்வதற்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. ஆனால் பெரும்பாலான கம்பெனிகளின் நடத்தை விதிகளில் அதற்கு இடமில்லை. பேச்சில் பாலியல் சாயல் இருந்தால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்கே போகலாம். தேதி, இடம், யார் முன்னால் என்று குறித்து வையுங்கள். இப்போதே புகார் செய்ய வேண்டும் என்றில்லை. அடுத்த வருஷம் நீங்கள் இளைத்த பிறகு அதே ஆள் வேறொரு பெண்ணிடம் சொல்லும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும். அப்ரைசலை நினைத்து ஆபரேஷனைத் தள்ளிப் போடவும் வேண்டாம், சர்க்கரை அப்ரைசலுக்காகக் காத்திருக்காது.

கடைசியாக மெயில். ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இதுதான்: 'எனக்கு இந்தத் தேதியில் ஒரு வயிற்று அறுவை சிகிச்சை முடிவாகியிருக்கிறது. டாக்டரின் ஆலோசனைப்படி இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பு வேண்டும்; அடுத்த ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஆறு வாரம் வரை கனமான பொருள் தூக்க முடியாது. என் வேலைகளை யாரிடம் ஒப்படைக்கிறேன் என்ற பட்டியலை இணைத்திருக்கிறேன். மருத்துவச் சான்றிதழை எச்.ஆரிடம் நேரடியாகக் கொடுக்கிறேன்.'

மூன்று நாலு வாரம் முன்னதாக அனுப்புங்கள், ஒப்படைப்புப் பட்டியலை நன்றாகச் செய்யுங்கள். பட்டியல் பக்காவாக இருந்தால் மேனேஜர் அதைப் பற்றித்தான் கேள்வி கேட்பார். அதையும் தாண்டி 'என்ன ஆபரேஷன்?' என்று கேட்டால், 'டாக்டர் பாத்துக்கறார் சார், நான் இருபத்தெட்டாம் தேதி ரிலீஸை யார் பார்க்கறதுன்னு பேசணும்' என்று ரிலீஸுக்குப் போய்விடுங்கள்.